தவமணி அண்ணன் கடைசியாகத் தேர்ந்தெடுத்த கேமரா

செய்தி எங்கள் போட்டோகிராபர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. ஒரு சடங்கு வீட்டு ஆல்பத்துக்குப் படம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஃபோன் விடாமல் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் மலர்வளையம், பக்கத்தில் எரிகிற விளக்கு, நடுவில் தவமணி அண்ணனின் முகம். முதலில் எனக்கு வந்தது அழுகை இல்லை, எரிச்சல். அந்தப் படம் மங்கல். ஏதோ ஒரு பழைய குரூப் போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் வெட்டி, இழுத்துப் பெரிதாக்கியிருந்தார்கள். அவர் இருந்திருந்தால் அதைச் செய்தவனைக் கூப்பிட்டு, செத்தவனை இன்னொரு தடவை சாகடிக்காதே என்று சொல்லியிருப்பார்.

அதன் கீழே எல்லோரும் 'தங்கமான மனிதர்' என்று எழுதிக்கொண்டே போனார்கள். குழுவில் இதைப் படிக்கிற, அவரோடு பழகிய உங்களுக்குத் தெரியும், அது பொய். அவர் தங்கமும் இல்லை, தகரமும் இல்லை. வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவரின் முகம் சுருங்கிப்போகும். அவரிடம் வேலைக்கு வந்தவர்கள் ஒரு சீசன் முடிவதற்குள் ஓடிப்போனார்கள். ஒத்தக்கடையில் இருந்த அவர் ஸ்டூடியோவில் ஆல்பம் போடுவதற்கும், கல்யாணங்களில் இரண்டாவது கேமரா பிடிப்பதற்கும் கடைசிவரை இருந்தவள் நான் ஒருத்திதான். என் அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். குரலை உயர்த்திப் பேசினாலே பாவம் என்று வளர்ந்த வீடு எங்களுடையது. அங்கிருந்து போய் இவரிடம் எப்படித் தாக்குப்பிடித்தேன் என்று இன்னமும் என்னிடம் கேட்கிறார்கள். வீட்டில் யாரும் சொல்லாத ஒன்றை அவர் சொன்னார், அதுதான் காரணம். நன்றாக இல்லாததை நன்றாக இல்லை என்றார்.

ஒரு தடவை மேலூரிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். வீட்டுக்காரர் இறந்து காரியம்கூட முடியவில்லை. மாலை போட்டு மாட்டுவதற்கு ஒரு படத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று ஃபோனை நீட்டினார். ஏதோ விசேஷத்தில் யாரோ ஓடிக்கொண்டே எடுத்த படம். இப்போதெல்லாம் இதற்குச் செயலி இருக்கிறது. ஒரு பொத்தானை அமுக்கினால் கண், மூக்கு எல்லாம் பளிச்சென்று வந்துவிடும். நான் அதைத்தான் செய்யப் போனேன். அண்ணன் என் கையைத் தட்டிவிட்டார். அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "தாயி, உங்க வீட்டுக்காரரு இந்தப் படத்துல இல்ல. இது வெறும் மங்கல். மிஷின்ல போட்டா அது யாரோ ஒரு ஆள வரைஞ்சு குடுக்கும். அந்த ஆளத்தான் தினமும் கும்பிடுவீக. பரவாயில்லயா?" அந்த அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதார். அண்ணன் ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. டீ சொல்லவும் இல்லை. அந்த அம்மா போன பிறகு, ஆறுதல் சொல்ல ஊரே இருக்கிறது, உள்ளதைச் சொல்லத்தான் ஆள் கிடையாது என்றார்.

உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா நம் பக்கம் வந்து எல்லோரும் ஒவ்வொருவராக மாறிக்கொண்டிருந்தபோது, அதை அதிகம் திட்டியவர் அவர்தான். கையில் தூக்கினால் லேசு என்கிறான், லென்ஸை மாட்டினால் அதே கனம்தான் என்பார். பேட்டரி பந்திக்கு முன்னாலேயே படுத்துவிடுகிறது என்பார். பழைய லென்ஸ்களை அடாப்டர் போட்டு மாட்டலாம் என்று யாராவது சொன்னால், அடுத்தவன் செருப்பைப் போட்டு நடப்பதுபோல என்பார். எல்லாவற்றையும்விட அவருக்கு ஆகாதது கண்ணை வைத்துப் பார்க்கிற அந்த வியூஃபைண்டர். பழைய கேமராவில் கண்ணாடி வழியாக ஆளை நேராகப் பார்க்கிறோம். இதில் பார்ப்பது ஒரு குட்டித் திரையை. இருட்டான இடத்தையும் அது வெளிச்சமாக்கிக் காட்டுகிறது. அது பொய் என்றார்.

திடீரென்று ஒருநாள் மேலூர் பிரபுவைக் கூப்பிட்டு, அவன் வாங்கியிருந்த புது மிரர்லெஸ்ஸைக் கொண்டுவரச் சொன்னார். எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். இணையத்தில் வரும் விமர்சனம் எதையும் அவர் பார்க்க மாட்டார். ஒரு கேமராவை எடைபோட அவருக்கென்று ஒரு முறை உண்டு. கல்யாண மண்டபத்துச் சாமான் அறைக்குள் பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு, அரிசி மூட்டைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவில் ஒருவரை நிற்க வைத்துப் படம் எடுப்பார். கதவு இடுக்கில் வரும் வெளிச்சம்தான் வெளிச்சம். அங்கே ஃபோகஸ் பிடித்தால் எந்தக் கோயிலிலும் பிடிக்கும் என்பது அவர் கணக்கு. ஆளின் கண்ணைத் தானே தேடி, அதன் மேல் ஒரு பச்சைக் கட்டத்தைப் போட்டுக்கொண்டு தொடரும் வசதி அந்தக் கேமராவில் இருந்தது. முதல் தடவை அந்தக் கட்டம் பிரபுவை விட்டுவிட்டு, அரிசி மூட்டையில் அச்சடித்திருந்த பெண்ணின் முகத்தில் போய் நின்றது. எடுத்த படத்தைத் திரையில் பார்த்து நான்தான் அதைச் சொன்னேன். "உன் கேமரா உன்ன மாதிரியேதான் இருக்கு மாப்ள, எங்க பொம்பள இருக்குன்னு பாக்குது" என்றார். பிரபுவுக்கு அப்போதுதான் நிச்சயதார்த்தம் முறிந்திருந்தது. அது தெரிந்துதான் சொன்னார்.

பிரபு ஃபோன் பேசப் போவதாக என்னிடம் சைகை காட்டிவிட்டு வெளியே போய்விட்டான். அவன் நின்ற இடத்தில் நான் போய் நின்றேன். அண்ணன் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, "மாப்ள, மூஞ்சிய லேசா இடது பக்கம் திருப்பு" என்றார். கிண்டல் என்று நினைத்துத் திருப்பினேன். "இப்பக் கண்ணுல கரெக்டா நிக்குதுடா மாப்ள. திரும்புனாலும் விட மாட்டேங்குது" என்றார். குரலில் கிண்டல் இல்லை, சந்தோஷம் இருந்தது. சேலை கட்டி, கண்ணாடி போட்டு, கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்த என்னை அவருக்குத் தெரியவில்லை. கட்டம் மட்டும் தெரிந்தது.

நிற்கிறது நான்தான் அண்ணே என்று சொன்னேன். கேமராவை இறக்கி அரிசி மூட்டை மேல் வைத்தார். சர்க்கரை கண்ணுக்குள் போய்விட்டது என்றார். கண் ஆஸ்பத்திரியில் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டார்கள், போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். வெயிலில் சமாளித்துவிடுவார், வெளிச்சம் குறைந்தால் உருவம் மட்டும்தான். இத்தனையையும் மண்டப வாடகை பேசுகிற குரலில் சொன்னார். கடைசியில், "இது வெளிய போச்சுன்னு வையி, ஒத்தக்கடையில நீ ஒரு ஆல்பம் போட முடியாது ஸ்டெல்லா" என்றார். அதையும் செய்யக்கூடியவர்தான்.

அவர் அந்தக் கேமராவுக்கு மாறியது ஏன் என்று உங்களில் பலர் பல காரணம் சொன்னீர்கள். சத்தமில்லாத ஷட்டர் என்றீர்கள், வீடியோ என்றீர்கள். காரணம் அவருடைய மகள் சுகன்யாவின் கல்யாணம். அந்தக் கல்யாணத்தை வேறு ஒருத்தன் எடுக்க விட மாட்டேன் என்று அவள் பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். முகூர்த்தம் எழுமலையில், அவர்கள் குலதெய்வக் கோயிலின் கல் மண்டபத்தில். வெயிலடிக்கும்போதே உள்ளே விளக்கு வேண்டும், ஃபிளாஷ் அடிக்கப் பூசாரி விட மாட்டார். இருட்டிலும் கண்ணைத் தானே பிடிக்கிற ஒரு கருவி இல்லாமல் அவரால் அங்கே ஒரு படம்கூட எடுக்க முடியாது. பழைய கேமரா, லென்ஸ் எல்லாவற்றையும் மொத்தமாகக் கொடுத்துவிட்டுப் புதிதை வாங்கினார்.

அவர்கள் வழக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் மனையில் நின்று தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். கேமராவைப் பிடிப்பவர் மனையில் நிற்க முடியாது. நானும் பிரபுவும் எடுக்கிறோம், நீங்கள் மனையில் நில்லுங்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஊரான் பிள்ளைகளுக்கு நல்ல படம் கொடுத்துவிட்டு என் பிள்ளைக்கு மங்கலைக் கொடுக்கவா என்று கேட்டார். சுகன்யாவே ஸ்டூடியோவுக்கு வந்தாள். அவள் அதிகம் பேசுகிற பெண் இல்லை.

"போட்டோவே வேணாம்ப்பா. நீங்களும் அம்மாவும் நின்னு பிடிச்சுக் குடுத்தாப் போதும்."

"போட்டோ இல்லாத கல்யாணத்த எவன் நம்புவான்? உங்க பெரியப்பன் நிப்பான், போ."

அவள் என்னைப் பார்த்தாள். நான் மானிட்டரின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவருடைய கண்ணைப் பற்றி அவளுக்குத் தெரியாது, அவள் அம்மாவுக்கும் அரைகுறையாகத்தான் தெரியும்.

அப்படியே நடந்தது. பெரியப்பாவும் பெரியம்மாவும் மனையில் நின்றார்கள். புருஷன் வராததால் சுகன்யாவின் அம்மாவும் மனையேற முடியவில்லை. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பின்வரிசையில், பந்திக்கு வந்தவர்போல நின்றிருந்தார். ஊர் சனம் முணுமுணுத்தது. அண்ணன் எதையும் காதில் வாங்கவில்லை. மனைக்கு எதிரில் மண்டி போட்டு, எந்தக் கல்யாணப் பெண்ணையும் அதட்டுவதுபோல, இங்க பாரு தாயி, இங்க பாரு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் பார்த்தாள். தாரை வார்க்கும்போது கையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். தாலி ஏறும்போது மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. நான் பக்கவாட்டில் நின்று எடுத்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் அதைக் கவனித்தது நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம் படங்களைப் பார்க்க என் வீட்டுக்கு வந்தார். பெரிய மானிட்டரின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அதற்குள் கண் இன்னும் மோசமாகியிருந்தது. ஓரங்கள் கொஞ்சம் தெரியும், நடுவில் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு படமாகச் சொல்லச் சொன்னார். ஃபோகஸ் கண்ணில் நிற்கிறதா என்பதைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை. நிற்கிறது, நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். உண்மையிலேயே நின்றது. அந்த மண்டபத்து இருட்டில், அத்தனை தலைகளுக்கு நடுவில், ஒரு படம்கூடத் தவறவில்லை. அவருடைய கண் நன்றாக இருந்த காலத்தில்கூட அவர் இவ்வளவு கூர்மையாக எடுத்ததில்லை. தாலி கட்டும் படம் வந்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

"அண்ணே, எல்லாப் படத்துலயும் அவ உங்களையே பாக்குறா."

"எப்படி?"

"மொதல்ல, வாங்கன்னு கூப்பிடுற மாதிரி. தாலி ஏறும்போது அதுவும் இல்ல. யாரோ ஒரு போட்டோக்காரனப் பாக்குற மாதிரி பாக்குறா."

அழுவார் என்று நினைத்தேன். அழட்டும் என்றுதான் சொன்னேன், அதையும் மறைக்க விரும்பவில்லை.

"இமை முடி தனித்தனியாத் தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப இந்தக் கேமரா தேறும்" என்று எழுந்துகொண்டார்.

அதுதான் அந்தக் கேமராவைப் பற்றி அவர் சொன்ன முடிவு. அதற்குப் பிறகு அவர் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. மூட்டு வலி என்றார், நீங்களும் நம்பினீர்கள். சுகன்யா மறுவீட்டுக்கு வந்து போனதோடு சரி, அப்பாவிடம் பேச்சு இல்லை. நான் போட்டுக் கொடுத்த ஆல்பத்தை அவள் பிரிக்கவே இல்லையாம்.

இறந்த அன்று அவர் வீட்டுக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார். வெளியே பந்தலில் உங்களில் நிறையப் பேர் இருந்தீர்கள். பெட்டிக்குப் பக்கத்தில் சுகன்யா. வந்த பெண்கள் எல்லோரும் அவள் தலையைத் தடவி, உன் அப்பன் உன் மேல் உயிரையே வைத்திருந்தான், உன் நினைப்பாகவே போய்ச் சேர்ந்தான் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். அவள் என் கையைப் பிடித்து உள் அறைக்கு அழைத்துப் போனாள். கதவைச் சாத்தினாள்.

"அத்தை, அன்னிக்கு மனையில நான் அம்புட்டு நேரம் அவரத்தான் பாத்துட்டிருந்தேன். கூப்பிட்டேன். தெரிஞ்சேதான் வராம இருந்தாரா?"

பந்தலில் சொன்னதைப் போல எதையாவது நானும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவருக்கு உன்னைத் தெரியவில்லை என்றேன். சாமான் அறையில் நடந்ததைச் சொன்னேன். கண் போனதைச் சொன்னேன். நீ பார்த்ததை நான்தான் அவருக்கு எடுத்துச் சொன்னேன் என்றேன். அதற்கு அவர் என்ன சொன்னார் என்று கேட்டாள். இமை முடியைப் பற்றி அவர் கேட்டதை அப்படியே சொன்னேன்.

அவள் அழவில்லை.

"அவருக்குத் தெரியலன்னா, நான் யாரப் பாத்துட்டு நின்னேன்?"

"கேமராவத்தான்டா" என்றேன்.

அவள் எழுந்து கதவைத் திறந்துகொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு தலையைத் தடவ வந்தவர்களின் கையை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டாள். இதையெல்லாம் எழுதட்டுமா என்று பிறகு அவளிடம் கேட்டேன். எழுதுங்க, அந்தப் படங்களை மட்டும் அழிச்சிருங்க என்றாள்.

எழுதிவிட்டேன். அழிக்கவில்லை, அழிக்கப் போவதும் இல்லை. அதை அவளிடமே சொல்லிவிட்டேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இரண்டு. ஒன்று, அந்த அறையில் அவளுக்கு நான் சொன்ன பதில். இன்னொன்று, எழுமலையில் ஒரு பெண் தன் அப்பாவைக் கூப்பிட்டுப் பார்த்து, அவர் வர மாட்டார் என்று முடிவு செய்கிற அந்தப் படங்கள். எல்லாம் அவர் எடுத்தவை. ஒன்றுகூட மங்கல் இல்லை.