சுவரில் ஒட்டிய கண்ணாடி

அவள் படித்து முடித்து வேலைக்கு வந்த காலத்தில், கட்டடங்களுக்கு வரைபடம் போடும் பெண் என்று அந்த ஊரில் இன்னொருத்தி கிடையாது. முதல் அலுவலகத்தில் ஆண்கள் எல்லாம் மாளிகை வரைந்துகொண்டிருக்க, இவளுக்கு மட்டும் வருடக்கணக்காகக் கழிவறைகளையே கொடுத்தார்கள். “பொம்பள கட்டுன வீடு நிக்குமா?” என்று முகத்துக்கு நேரே கேட்டவர்கள் உண்டு. முதுகுக்குப் பின்னால் கேட்டவர்களுக்குக் கணக்கே இல்லை.

அவள் வாயால் பதில் சொல்கிற ரகம் இல்லை. கைப்பையில் எப்போதும் ரசமட்டம் இருக்கும். கொத்தனார் வைத்த செங்கல் வரிசை மேல் அதை வைப்பாள். குமிழி நடுவில் நிற்காவிட்டால் பிரித்துக் கட்டச் சொல்வாள். அவளுக்கே ரசமட்டம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சுவரில் கீறல் கண்டால் சுண்டுவிரல் நகத்தை அதன் மேல் ஓட்டுவாள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் பூச்சு வெடித்திருக்கிறது, கவலை இல்லை. நகம் உள்ளே போனால் சுவரே பிளந்திருக்கிறது. “அம்மா நகம் வெட்டுனா நமக்கு வேலை போச்சு” என்று அவளோடு ஆரம்பத்திலிருந்து வேலை செய்த மேஸ்திரி கிண்டல் செய்வார்.

ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்த வருடம் அவள் பணக்கார வீடுகளை விட்டாள். பள்ளிக்கூட மைதானத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த குடும்பங்களைப் பார்த்தபின் யாருடைய வரவேற்பறைக்கும் ஜன்னல் வரைய அவளுக்குக் கை வரவில்லை. பணத்துக்காக ஆள் ஆளாகப் பார்த்து, கெஞ்சி, சண்டை போட்டு, அந்தக் குடும்பங்களுக்கு இரண்டு மாடியில் ஒரு நீள வீடு கட்டினாள். வரிசையாக அறைகள், முன்னால் அகலமான நடைக்கூடம், மழைத்தண்ணீர் ஏறாத உயரத்தில் தரை. அதன்பிறகு எத்தனையோ ஊர்களில் கட்டிவிட்டாள். ஆனாலும் நீள வீடுதான் அவளுக்குத் தலைப்பிள்ளை.

அந்த வீட்டுக்குப் பக்கத்து மனையில் பள்ளம் தோண்ட ஆரம்பித்தார்கள். பெரிய கடை வரப்போகிறதாம், அடியில் வண்டி நிறுத்த இடமாம். ஊறி வந்த தண்ணீரை மோட்டார் வைத்து ஓயாமல் இறைத்தார்கள். தண்ணீரோடு அக்கம்பக்கத்து மண்ணும் நகரும் என்று சொல்ல அவள் போனபோது, பள்ளத்து முதலாளி நாற்காலியை விட்டு எழாமலே சிரித்தார். “உங்க கட்டடம் அவ்வளவு பலவீனமா மேடம்?” என்றார். அந்த ஒரு கேள்வியிலேயே அவள் திரும்பி நடந்துவிட்டாள். இன்னும் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம், மேலிடத்துக்குப் போயிருக்கலாம். ரோஷம் விடவில்லை. நீள வீட்டுக்குத் திரும்பி வந்து, மூலை அறையில் தெரிந்த கீறலின் குறுக்கே மெல்லிய ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமென்ட் வைத்து ஒட்டினாள். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் அது உடைந்துவிடும். “இது உடையக் கூடாது. உடைஞ்சா உடனே எனக்குச் சொல்லணும்” என்று எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த முறை மேஸ்திரியோடு வந்தபோது வாசலிலேயே சுண்ணாம்பு வாடை அடித்தது. மூலை அறை சுவர் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அந்த அறையில் இருந்தவள் தையல்காரி. நீள வீட்டில் குடியேறிய முதல் ஆள், வீட்டையே பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறவள்.

“நீங்க வர்றீங்கன்னு நேத்துதான் அடிச்சேன் அக்கா. நல்லா இருக்கா?”

கண்ணாடி முழுசாக இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டு, குனிந்து பார்த்தாள். கண்ணாடிக்குள்ளிருந்து அவளுடைய கண்ணே அவளைப் பார்த்தது. முகம் பார்க்கிற கண்ணாடியை உடைத்து எடுத்த துண்டு அது.

“இது நான் ஒட்டுனது இல்லையே.”

“கண்டுபிடிச்சிட்டீங்களா?” தையல்காரிக்கு வெட்கமாகப் போயிற்று. “பிள்ளைங்க விளையாடி உடைச்சிடுச்சுங்க. நீங்க பார்த்தா மனசு கஷ்டப்படுவீங்களேன்னு நானே வேற ஒட்டி வச்சேன்.”

“ஒரு தடவைதானா?”

“முன்னாடி எப்பவோ ஒரு தடவை. இந்த வாரம் தினமும் உடையுது. என் பொண்ண நல்லா வெளுத்துட்டேன். தானா டிக்குன்னு உடையுதும்மா, நான் தொடவே இல்லைன்னு சாதிக்கிறா.”

தினமும் சுவர் நகர்ந்திருக்கிறது. கண்ணாடி உடையக் கூடாது என்பதை மட்டும் இந்த ஜனங்கள் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அக்கா போட்ட பொருள், அக்கா கண்ணில் உடைந்து தெரியக் கூடாது. அவ்வளவு பிரியம். புதுச் சுண்ணாம்பின் மேல் நகத்தை ஓட்டினாள். நகம் உள்ளே போயிற்று. மேஸ்திரி ரசமட்டத்தை வாங்கி ஜன்னல் திண்டில் வைத்தார். குமிழி ஒரு ஓரத்துக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. வெளியே பள்ளத்து மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

“எல்லாரும் வெளிய வாங்க. வீடு விழப்போகுது” என்று அறை அறையாகத் தட்டினாள். யாரும் அசையவில்லை. ஒருத்தி உலை வைத்திருக்கிறேன் என்றாள். படுத்திருந்த பெரியவர் தலையணையைக்கூட நகர்த்தவில்லை. “நீங்க கட்டுனதும்மா. இது எங்க விழப்போகுது? அடுத்த வெள்ளம் வந்தப்போ ஊரே மிதந்துச்சு, நாங்க இங்க தூங்கிக்கிட்டு இருந்தோம்” என்று அவளுக்கே தைரியம் சொன்னார்.

“நம்பிக்கைம்மா. என்ன சொன்னாலும் ஏறாது” என்றார் மேஸ்திரி.

வாழ்நாள் முழுக்க அவள் ஏங்கிய நம்பிக்கை அது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முற்றத்தில் வந்து நின்று, தொண்டை கிழியக் கத்தினாள்.

“நான் உங்களை ஏமாத்திட்டேன்! அஸ்திவாரத்துல சிமென்ட் போடல, மண்ணத்தான் போட்டேன். மிச்சக் காசை நான் எடுத்துக்கிட்டேன். உயிர் வேணும்னா ஓடி வாங்க.”

மேஸ்திரி வாயைத் திறந்தார். அந்த அஸ்திவாரத்தைத் தன் கையால் போட்டவர் அவர். அவள் அவர் காலை ஓங்கி மிதித்தாள்.

மேலும் கீழும் கதவுகள் திறந்தன. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டும், பெரியவரைக் கட்டிலோடு சுமந்துகொண்டும் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் அவளைத் திட்டினார்கள். உலை வைத்தவள் அவள் காலடியில் துப்பினாள். தையல்காரி தையல் மெஷினை இடுப்பில் வைத்துக்கொண்டு, மகள் கையைப் பிடித்தபடி, அவளைப் பார்க்காமலே தாண்டிப் போனாள். பள்ளத்தின் ஓரத்தில் முதலாளியின் ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

வீடு விழவில்லை. வெயில் ஏறியது. பிள்ளைகள் பசிக்கிறது என்று அழுதார்கள். துணியாவது எடுத்து வருகிறேன் என்று ஒருவன் உள்ளே போகப் பார்த்தான். மேஸ்திரி அவனைக் கட்டிப்பிடித்து நிறுத்தினார். நிற்க வேண்டும் நிற்க வேண்டும் என்று எத்தனையோ சுவர்களை வேண்டிக்கொண்டவள், அன்றைக்கு முதல்முறையாக, விழுந்து தொலையேன் என்று ஒரு சுவரை வேண்டினாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பிற்பகலில் மூலை அறை பக்கம் சரிந்தது. மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே போயிற்று. தூசி அடங்கியபோது எல்லாரும் தெருவில் உயிரோடு இருந்தார்கள். யாரும் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

பள்ளத்து முதலாளிக்கு அதிர்ஷ்டம் வீடு தேடி வந்தது. “அந்தம்மாவே ஒத்துக்கிச்சே, ஊரே கேட்டுச்சே” என்று விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். மேஸ்திரி உண்மையைச் சொல்லிப் பார்த்தார். அந்தம்மா ஆள்தானே நீ, வேற எப்படிச் சொல்லுவ என்று விரட்டிவிட்டார்கள். பொம்பள கட்டுன வீடு நிக்குமா என்று கேட்டவர்களில் உயிரோடு இருந்தவர்களுக்கு அன்றைக்கு நல்ல தூக்கம் வந்திருக்கும். மோட்டாரை யாரும் நிறுத்தவில்லை.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு வரிசை வீடுகள் இருந்தன. யாரோ எப்போதோ கட்டியவை. அவள் அங்கே போனாள். தினமும் உடைந்த கண்ணாடியை மாற்றி ஒட்டிய தையல்காரியும் சொல்லாமல் கொள்ளாமல் பின்னாலேயே வந்து சேர்ந்துகொண்டாள்.

முதல் வீட்டுக்காரர் கதவைப் பாதிதான் திறந்தார்.

“இந்தப் பக்கமும் மண்ணு இறங்குது. பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு வெளிய வந்துடுங்க” என்றாள் அவள்.

“அந்த மண்ணு அஸ்திவாரத்து அம்மாவா நீங்க?”

தையல்காரி முன்னால் வந்தாள். “அண்ணே, இவங்க சொல்லித்தான் நாங்க உயிரோட இருக்கோம்.”

“இவங்க கட்டுனதாலதானே விழுந்துச்சு” என்றார் அவர். “எங்க வீட்டை ஒழுங்கான ஆளு கட்டியிருக்கான். போங்க.”

கதவு சாத்தப்பட்டது. உள்ளே ஒரு குழந்தை பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தது. கதவு நிலைக்குப் பக்கத்தில், புது வர்ணத்துக்குக் கீழே, மேலிருந்து தரை வரைக்கும் மெல்லிய கோடு ஒன்று ஓடியது. அவள் அதன் மேல் சுண்டுவிரலை வைத்தாள்.

நகம் உள்ளே போயிற்று.