வெள்ளைப் பக்கம் காட்டிய புத்தகம்

பாடப்புத்தகம் எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. விற்கிறவர்களை அதைவிடக் குறைவாக நம்புகிறேன். குமாரபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வெப்சைட் செய்யக் கற்றுக்கொடுப்பது என் வேலை. வருகிறவர்களில் பாதிப் பேர் மவுஸைத் தொட்டதே இல்லை. போன வருடம் வரை ஒரு தடிப் புத்தகத்தை வைத்து நடத்தினோம். செங்கல் கனம். சேர வருகிறவர்கள் கண்ணில் படும்படி வைத்தால் மதிப்பாக இருக்கும் என்பது ஓனரின் கணக்கு. மூன்றாவது வாரத்தில் வகுப்பு பாதியாகிவிடும். போன் செய்து ஏன் வரவில்லை என்று கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்தான்: "எனக்கு மண்டையில ஏறலீங்க மிஸ்." ஒருவர்கூடப் புத்தகத்தைக் குறை சொன்னதில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அப்படி நின்றுபோனவர்களில் ஒரு அக்கா மறுபடி சேர வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். துண்டு கம்பெனியில் மடித்துக் கட்டும் பிரிவில் வேலை. காலில் நரம்பு சுருண்டு, இனி நாள் முழுக்க நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபீசில் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண் கல்யாணமாகிப் போகிறாள். பொங்கலுக்குள் கற்றுக்கொண்டால் அந்த நாற்காலி இவருக்கு என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். இல்லாவிட்டால் வேலை போய்விடும்.

"போன தடவை எதுல நின்னீங்க?" என்று கேட்டேன்.

"மொதப் பாடத்துலயேங்க. நீங்க தெறந்து குடுத்த எடத்துல புக்குல இருக்கறத அப்பிடியே அடிச்சேன், வெள்ளையா வந்துச்சு. நாலு நாள் அடிச்சேன், நாலு நாளும் வெள்ளை. செரி, நம்ம மண்டையும் வெள்ளைதான்னு நின்னுட்டேனுங்க."

"எங்கிட்ட ஏன் கேக்கல?"

"நீங்க கடிச்சுப்புடுவீங்கன்னு சொன்னாங்க."

அதில் பொய் இல்லை. அவர் போன பிறகு தடிப் புத்தகத்தை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்து அடித்தேன். வெள்ளை. பக்கத் தலைப்பை மூடும் டேக்கில், அதாவது தலைப்பு முடிந்தது என்று காட்டும் குறியில், ஒரு சாய்கோடு அச்சில் விட்டுப்போயிருந்தது. தலைப்பை மூடாவிட்டால் அதற்குப் பின்னால் வருவதையெல்லாம் பிரவுசர் தலைப்பாகவே எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் ஒன்றும் தெரியாது. அந்தப் பாடத்தை நான் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். என் கை பழக்கத்தில் சாய்கோட்டைப் போட்டுவிடும், கண் புத்தகத்தைப் பார்க்காது. எத்தனை பேரை முட்டாள் என்று மனதுக்குள் திட்டியிருப்பேன்.

புத்தகத்தை மாற்ற வேண்டும் என்று ஓனரிடம் சண்டை போட்டேன். சூரமங்கலத்திலிருந்து ஒரு புத்தக ஏஜென்ட் பையோடு வந்தார். "மேடம், இதுதான் எல்லாக் காலேஜ்லயும் ஓடுது."

"நீங்க அடிச்சுப் பாத்தீங்களா?"

"நான் பி.காம். மேடம்."

இரண்டு புத்தகங்களை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு அவரை அனுப்பினேன். என் கண்ணை நான் நம்பவில்லை. அதனால் அந்த அக்காவை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, புத்தகத்தை மட்டும் கையில் கொடுத்தேன். நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று ஏற்பாடு. அது எனக்குச் சுலபமான காரியம் இல்லை.

முதல் புத்தகம் வழவழ தாள். முதல் வரியே, 'உங்களுக்குப் பிடித்த எடிட்டரைத் திறந்துகொள்ளுங்கள்.' அக்கா யோசித்தார். பிறகு தன் போனை எடுத்து, வீடியோ வெட்டி ஒட்டும் ஆப்பைத் திறந்தார்.

"எனக்குப் பிடிச்சது இதுதானுங்க."

புத்தகம் சொன்னது நோட்பேட் மாதிரி எழுத்து அடிக்கிற எடிட்டரை. எழுதியவன் எந்தக் காலத்திலும் ஒன்றும் தெரியாதவர் ஒருவரை எதிரில் வைத்து எழுதவில்லை. தன் சிநேகிதர்களுக்கு எழுதியிருக்கிறான். மூடி வைத்தேன்.

இரண்டாவது தமிழில், மெல்லிய புத்தகம். 'புதிய ஃபோல்டர் ஒன்றை உருவாக்கவும்' என்றது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க மிஸ், ஃபோல்டருன்னா எங்க கம்பெனில துண்டு மடிக்கற ஆளுங்க. புது ஆளுக்கு நான் எங்க போவேன்?"

கிண்டலா நிஜமா என்று முகத்தில் தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த பக்கத்தில் படம் இருந்தது. "ஓ, இந்த மஞ்சப் பையா" என்று அவரே செய்தார். நோட்பேடில் அடித்து சேவ் செய்யும் இடத்தில் எல்லாரும் விழுவார்கள். பெயருக்குப் பின்னால் அது தானாக '.txt' என்று ஒரு வாலைச் சேர்த்துவிடும், பிரவுசரில் பக்கமாகத் திறக்காது. அதை எப்படித் தடுப்பது என்று புத்தகம் அதே இடத்தில் சொன்னது. திறந்தார். பிரவுசரில் ஆங்கில எழுத்தில் 'வணக்கம்' என்று வந்தது.

பின்னால் நின்றிருந்த ஓனர், "அட, வந்துருச்சேங்க" என்றார்.

அக்கா நம்பவில்லை. "இது நெசமா நான் அடிச்சதுங்களா, இல்ல உள்ளாற முன்னமே இருந்துச்சுங்களா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்த வார்த்தையை அழித்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி 'துண்டு' என்று அடித்து, சேவ் செய்து, மறுபடி திறந்தார். துண்டு.

"செரிங்க. நாந்தான்."

ஓனர் புத்தகத்தைத் தூக்கிப் பார்த்தார். "பள்ளிக்கூட நோட்டாட்ட ஒல்லியா இருக்குதுங்களே மிஸ். இதக் குடுத்தா நாலு பேரு மதிப்பாங்களா?"

"இதையே வாங்குங்க. இல்லாட்டி அந்தச் செங்கல வெச்சு நீங்களே பாடம் நடத்துங்க."

முனகிக்கொண்டே போனார். இந்தப் புத்தகத்தையும் நான் முழுதாக நம்பிவிடவில்லை. பொங்கலுக்கு ஏழு வாரம் இருந்தது. ஒவ்வொரு பாடத்தையும் அக்கா அடித்துப் பார்த்த பிறகுதான் வகுப்புக்கு என்று முடிவு செய்தேன். அவர் அதற்குள் இரண்டாம் பாடத்தில் இருந்தார்.

"மிஸ், படம் வரலீங்க. இந்தப் புக்குலயும் ஏதோ உட்டுட்டான்."

எட்டிப் பார்த்தேன். புத்தகம் சரியாகத்தான் இருந்தது. படத்தின் பெயரில் ஒரு எழுத்தை விட்டவர் அவர். கொஞ்ச நேரம் புத்தகத்தையும் ஸ்க்ரீனையும் மாற்றி மாற்றி முறைத்துவிட்டு அவரே கண்டுபிடித்தார். எழுதியவனைத் திட்டியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.