ரயில் தும்பிக்கையில் கொழுக்கட்டை

என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்ததற்குக் காரணம் கொஞ்சம் காற்று. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். இப்போது எழுத உட்கார்ந்தாலும் மூச்சு வாங்குகிறது.

இலங்கை மலைநாட்டில் பதுளை வரைக்கும் ரயில் ஓடத் தொடங்கிய புதிது. பெரகலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் கணக்கெழுதும் கிளாக்கர். முப்பதைத் தாண்டியும் பெண் அமையவில்லை. ஆள் நிறையப் படிக்கிறான் என்பது ஒரு குறை. படித்ததை எதிரில் இருப்பவருக்கு விளக்காமல் விடமாட்டான் என்பது அதைவிடப் பெரிய குறை. இதையெல்லாம் விசாரிக்காமலோ, விசாரித்து இரக்கப்பட்டோ, பதுளைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் கூலியாட்களை மேய்க்கும் பெரிய கங்காணி ஒருவர் தன் மகளைப் பார்க்க வரச் சொன்னார். அவள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். பதற்றத்தில் நான் ஏதோ வேடிக்கை சொல்ல, சிரித்துவிட்டாள். ஊவா மாகாணம் முழுவதிலும் என் வேடிக்கைக்குச் சிரித்த முதல் ஆள்! கட்டினால் இவளைத்தான் என்று வாசற்படி இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன்.

பெரிய கங்காணிக்கு என்மேல் அவ்வளவு உறுதி இல்லை.

"மொத நாளே வண்டி கட்டி வந்து தங்கிருங்க மாப்ள" என்றார்.

"எதுக்கு மாமா? அதான் ரயில் இருக்கே. காலையில ஏறினா முகூர்த்தத்துக்கு முன்னாடி வந்து எறங்கிருவோம்."

"வாங்க, வேணாங்கல. ஆனா ராகுகாலம் பொறக்கிறதுக்குள்ள எம்பொண்ணு கழுத்துல தாலி ஏறணும். நீங்க இல்லேன்னா எங்கக்கா மகன் இருக்கான். பட்டு வேட்டியோட பந்தல்லயே நிப்பான்."

முறை மாப்பிள்ளையைப் பந்தலில் தயாராக நிறுத்திவைத்துக்கொண்டு பேசும் மாமனாரிடம் வேறென்ன சொல்ல முடியும்? சரி என்றேன்.

அன்று காலை தோட்டத்துக் கோயிலில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்படுவதாக ஏற்பாடு. மாட்டுவண்டி வரத் தாமதமானதால் ரயிலைப் பிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது; தேங்காயும் பூசைச் சாமானும் கூடையிலேயே இருந்தன. அப்புத்தளையில் ரயிலேறியதிலிருந்து என் அக்காள் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

"பிள்ளையாரக் கும்பிடாம ஒரு கல்யாணமா? எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கியா தம்பி?"

"பதுளையில உடைச்சுக்கலாம்க்கா. அங்கயும் அவர்தான் இருப்பாரு."

பண்டாரவளையில் எஞ்சின் தனியாகக் கழன்று தண்ணீர் பிடிக்கப் போயிற்று. ஜனமெல்லாம் கீழே இறங்கி நின்றது. அக்காளும் கூடையோடு இறங்கி எங்கோ போனாள். எஞ்சின் திரும்பி வந்து மாட்டியபோது ஓடிவந்து ஏறினாள். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. இனிப் பயமில்லை என்றாள். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கொடி காட்டினார்கள். எஞ்சின் புஸ்ஸென்று நீண்ட சீறல் போட்டது. ரயில் அசையவில்லை. இன்னொரு சீறல், அதைவிட நீளமாக. ம்ஹும்.

கார்டு யாழ்ப்பாணத்துக்காரர், தொப்பிக்குக் கீழே திருநீறு பளிச்சென்று தெரியும். எஞ்சினை நோக்கி ஓடினார். கொஞ்ச நேரத்தில் சேதி பெட்டி பெட்டியாக வந்து சேர்ந்தது: பிரேக் விடவில்லையாம். எங்கேயோ காற்று புகுந்துகொண்டிருக்கிறதாம். எங்கே என்று தேடவேண்டுமாம். கார்டு எஞ்சின் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பெட்டி இடுக்கிலும் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். தோட்டங்களுக்கு அரிசி ஏற்றிய வேகன்கள் வேறு முன்னால் வரிசையாக நின்றன.

அக்காளின் வீட்டுக்காரர், என் மச்சான், ஆற அமர வெற்றிலை மடித்தார்.

"அங்க முறைப்பையன் இந்நேரம் மீசைக்கு எண்ண தடவிக்கிட்டிருப்பான் மாப்ள."

"சும்மா இருங்க மச்சான்."

"நான் என்ன சொல்லிப்புட்டேன்? பட்டு வேட்டி வீணாப் போகாதேன்னு ஒரு சந்தோசந்தான்."

நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வெயில் ஏறுவதைப் பார்த்தேன். உண்மையைச் சொல்லவேண்டும், அந்தக் கவலைக்கு நடுவிலும் ஒரு பரவசம். வாக்கூம் பிரேக்! புத்தகத்தில் படம் படமாகப் பார்த்திருந்த சங்கதி என் காலடியிலேயே வேலை செய்ய மறுத்துக்கொண்டிருக்கிறது! என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அக்கா, இதக் கேளு. எஞ்சின்ல இருந்து கடைசிப் பெட்டி வரைக்கும் அடியில ஒரு கொழாய் ஓடுது. எஞ்சின்காரன் நீராவியப் பீச்சி அதுல இருக்கிற காத்த அத்தனையும் உறிஞ்சி எடுத்துருவான். உள்ள காத்து இல்லாம இருந்தாத்தான் பிரேக்குக் கட்டை சக்கரத்த விட்டு வெலகும். ரயில நிறுத்தணுமா? கொஞ்சம் காத்த உள்ள விட்டாப் போதும். வெளிக்காத்து அழுத்துற அழுத்துல எல்லாப் பெட்டியிலயும் கட்டை கப்புனு சக்கரத்தக் கவ்விரும்."

"காத்து இல்லாததுக்கு அம்புட்டு பலமா?" என்றாள் அக்காள்.

"வழியில கொழாய் அறுந்துபோச்சுன்னு வையி. காத்து தானா உள்ள பூந்து ரயிலு தானா நின்னுரும். மலையில உருண்டு போகாது. எப்பேர்ப்பட்ட மூளை பாத்தியா!"

"எவன் மூளையோ, இப்ப ஒங்கல்யாணத்தயில்ல நிறுத்தி வச்சிருக்கு" என்றார் மச்சான்.

அவருக்குப் புரியவைத்தே தீருவது என்று பித்தளைத் தம்ளரை எடுத்தேன். வாயைச் சுற்றி அழுத்தி வைத்து, உள்ளே இருந்த காற்றை ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டுக் கையை எடுத்தேன். தம்ளர் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. எதிர்ப் பலகையில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வெற்றிக் களிப்பில் நான் பக்கவாட்டிலும் திரும்பிக் காட்டினேன். பிடுங்கி எடுத்தபோது டொப்பென்று சத்தம். உதட்டைச் சுற்றிச் செக்கச்செவேலென்று ஒரு வட்டம். சந்தனப் பொட்டும் பட்டு அங்கவஸ்திரமும் போட்ட கல்யாண மாப்பிள்ளை அழகு!

அக்காள் மட்டும் சிரிக்கவில்லை. தம்ளரையே பார்த்தாள்.

"தம்பி... அந்தக் கொழாயோட வாய்க்குள்ள ஏதாச்சும் இருந்தா?"

"வாய் எங்கக்கா இருக்கு? கடைசிப் பெட்டிக்குப் பின்னால தொங்குமே ரப்பர்க் கொழாய், அதோட முனைய ஒரு மூடியில மாட்டி வச்சிருப்பாங்க. நடுவுல ஒரு துரும்பு இருந்தாலும் காத்து உள்ள போயிரும்."

அக்காளின் முகம் வெளுத்தது.

"அது கொழாயாடா? கருப்பா, மடிப்பு மடிப்பா வளைஞ்சு... அச்சு அசல் தும்பிக்கடா. எந்தப் பாவியோ வாய மூடி வச்சிருந்தான். கொக்கியத் தூக்கிட்டு, சந்தனமும் குங்குமமும் வச்சு, அறுகம்புல்லும் ஒரு கொழுக்கட்டையும் ஊட்டிட்டு வந்தேன். கொழுக்கட்ட கீழ விழுந்துறக்கூடாதேன்னு அப்படியே திருப்பி மாட்டிட்டேன்."

மச்சான் வெற்றிலையை அப்படியே விழுங்கிவிட்டார்.

நான் குதித்தேன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்டவாள ஓரமாகவே, "கார்டு! கார்டு! பின்னாடி!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். கார்டும் ஓடிவந்தார். வேடிக்கை பார்க்க மூன்றாம் வகுப்பு முழுவதும் பின்னால் வந்தது.

கடைசிப் பெட்டியின் பின்புறம் அந்தத் தும்பிக்கை, நெற்றி நிறையச் சந்தனமும் குங்குமமுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அக்காளைக் குறைசொல்ல முடியாது. எனக்கே ஒரு கணம் கை கூப்பத் தோன்றியது. மூடிக்கும் ரப்பர் உதட்டுக்கும் நடுவில் அறுகம்புல் கொத்து எட்டிப் பார்த்தது. அதன் வழியாகக் காற்று வீல் வீலென்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.

கார்டு கையை நீட்டினார். புல்லைக் கண்டதும் நீட்டிய கை பாதியில் நின்றது.

"ஐயோ, பிள்ளையாருக்கு வச்சதோ?" என்றார் மெதுவாக.

"எடுங்க சார்! முகூர்த்தம் போயிரும்!"

"எடுக்கத்தானே வேணும். சும்மா எடுக்கேலுமோ? நான் உத்தியோகத்தில நிக்கிறன். நீர்தானே மாப்பிள்ளை, நீர் தோப்புக்கரணம் போடும். நான் எடுக்கிறன்."

வாதாட நேரமில்லை. காதைப் பிடித்துக்கொண்டேன். பட்டு வேட்டியோடு, உதட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டத்தோடு, ஒரு ரயிலின் பின்பக்கத்தைப் பார்த்து உட்கார்ந்து எழுந்தேன். ஜனம் சத்தம்போட்டு எண்ணியது. அக்காள், "நல்லா குனிடா" என்றாள். கார்டு தொப்பியைக் கழற்றிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் தன் தலையில் மெல்லக் குட்டிக்கொண்டார். பிறகு புல்லை உருவினார். நசுங்கிய கொழுக்கட்டையை வழித்தெடுத்து அக்காளின் கையிலேயே கொடுத்தார். கைக்குட்டையால் ரப்பர் உதட்டைத் துடைத்து, மூடியில் அழுத்தி மாட்டினார்.

சீறல் மறுபடி கேட்டது. முதல் பெட்டிக்கு அடியில், பிறகு இரண்டாவதில், இப்படியே கடைசி வரைக்கும் கட்டைகள் கடக் கடக்கென்று விட்டுக்கொண்டு வந்தன. அதைப்போல இனிய வாத்தியத்தை நான் கேட்டதில்லை.

"ஏறுங்கோ, ஏறுங்கோ!" என்று கார்டு விரட்டினார்.

அப்புறம் இறக்கம், இறக்கம், இறக்கம். தெமோதரையில் ரயில் மலையைச் சுற்றித் தன் வாலைத் தானே பிடிக்கப் போவதுபோல வளைந்தது. ஒவ்வொரு வளைவிலும் கட்டைகள் கவ்வுவது கால் பலகையில் தெரிந்தது. "காத்து உள்ள வருது! இப்ப உறிஞ்சுறான்!" என்று ஒவ்வொன்றுக்கும் நான் கூவினேன். பக்கத்துப் பெட்டியில் யாரோ, மாப்பிள்ளைக்குச் சாமி வந்துவிட்டதா என்று விசாரித்தார்கள். ஹாலிஎலயில் ரயில் நின்ற நேரத்தில், இறங்கித் தள்ளலாமா என்றுகூட யோசித்தேன்.

பதுளையில் ரயில் நிற்கும் முன்பே இறங்கிவிட்டேன். பெண்ணின் தம்பி ஸ்டேஷனில் காத்திருந்தான்.

"ஓடியாங்க அத்தான்! அப்பா ஐயர அவசரப்படுத்திக்கிட்டிருக்காரு!"

கடைவீதி வழியாக, அதன் கோடியில் போட்டிருந்த கல்யாணப் பந்தலுக்கு ஓடினோம். எனக்குப் பின்னால் அக்காள், அவளுக்குப் பின்னால் மூச்சிரைத்துக்கொண்டு மச்சான். பந்தலில் முறைப்பையன் பட்டு வேட்டியோடு மணையில் உட்கார்ந்தே விட்டிருந்தான். என்னைக் கண்டதும் துள்ளி எழுந்து வழி விட்டான். அவன் முகத்தில் இருந்த நிம்மதி எனக்குக்கூட இருந்திருக்காது. பெரிய கங்காணி என் வாயையே முறைத்துப் பார்த்தார்.

"என்ன மாப்ள இது, வாயச் சுத்தி?"

"வெத்தலக் கறை மாமா" என்றாள் அக்காள், நான் விளக்க ஆரம்பிப்பதற்குள்.

"நேரம் இருக்கா சாமி?" என்று அவர் ஐயரைப் பார்த்துக் கேட்டார்.

"இருக்கு, இருக்கு. முதல்ல உட்காரச் சொல்லுங்கோ."

தாலியைக் கையில் கொடுத்தார்கள். முதல் முடிச்சை நான் போட்டேன். மற்ற இரண்டையும் நாத்தனார் என்ற உரிமையில் அக்காள் இறுக்கிப் போட்டாள். தவில்காரர் தவிலைக் கிழித்துவிடுவதுபோல அடித்தார்.

குனிந்த தலை நிமிராமல், "பயந்தே போயிட்டேன்" என்றாள் மணப்பெண்.

"நானுந்தான்" என்றேன். கெட்டிமேளத்தில் அவள் காதில் விழுந்ததோ இல்லையோ என்று சந்தேகம் வந்தது. பதுளைக் கடைவீதி முழுவதும் கேட்கும்படி இன்னொரு தரம் கத்தினேன்.