தாலிக்கொடியைப் பெருப்பித்துப் பார்த்த கள்ளன்

போன வருடம் ஆவணி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, சுன்னாகம் சந்தைக்கு வெளியே நின்று நான் "கள்ளன்! கள்ளன்!" என்று கத்தினேன். ஐம்பதைத் தாண்டிய, வயிறு முன்னே போக ஆள் பின்னே வருகிற ஒரு மனிதன் அப்படிக் கத்தினால் சனம் என்ன செய்யும்? கள்ளனைத் தேடவில்லை. என்னைத்தான் சுற்றி நின்று பார்த்தது. ஒரு புண்ணியவான் சோடா வாங்கி வந்து தந்தார். குடித்துவிட்டுத் திரும்பவும் கத்தினேன்.

காணாமற் போனது என் லப்டொப். வெறும் லப்டொப் என்றால் அந்தச் சோடாவோடு அடங்கியிருப்பேன். அதற்குள் ஒரு கலியாணம் இருந்தது.

நான் கலியாணப் படம் எடுப்பவன். இரண்டு கிழமைக்கு முன்பு சாவகச்சேரிப் பக்கம் ஒரு கலியாணம் எடுத்திருந்தேன். மாப்பிள்ளை கனடாவிலிருந்து வந்து, தாலி கட்டி, விருந்துகள் சாப்பிட்டு, லீவு முடிந்து திரும்பிப் போய்விட்டார். பெண் இங்கே. இனி அவர் அவளைக் கனடாவுக்கு எடுக்கிற ஸ்பொன்சர் அலுவல். எங்கள் பக்கத்தில் கலியாணப் படம் என்பது சுவரில் மாட்டுவதற்கு மட்டுமல்ல, 'இது உண்மையான கலியாணம்தான் ஐயா' என்று கனடாக்காரருக்குக் காட்டுகிற சாட்சியும் அதுதான். மணவறை, தாலி, இரண்டு வீட்டு ஆட்கள், மண்டபம் நிறையச் சனம் எல்லாம் அதில் தெரிய வேண்டும்.

அந்தப் பிள்ளை தினமும் போன் எடுக்கும். "அண்ணை, படங்கள் முடிஞ்சுதோ? அவர் ஃபைல் போடுறதுக்குப் பார்த்துக்கொண்டு நிக்கிறார்."

நானும் தினமும் "நாளைக்குப் பிள்ளை" என்பேன். இதற்கிடையில் கமராவின் மெமரி கார்டுகளை அடுத்து எடுக்க வேண்டிய ஒரு சாமத்தியவீட்டுச் சடங்குக்காக அழித்தும் விட்டேன். வேறு பிரதி? அது 'பிறகு எடுப்பம்' என்கிற இடத்தில் மிகப் பத்திரமாக இருந்தது.

சந்தையில் நடந்தது இவ்வளவுதான். முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். தோளில் லப்டொப் பை இடைஞ்சலாக இருந்தது. ஸ்கூட்டியின் முன் கொளுக்கியில் பையைக் கொழுவிவிட்டு, வெங்காயம் வாங்கத் திரும்ப உள்ளே ஓடினேன். முருங்கைக்காய்க் கட்டை மட்டும் கையோடு கொண்டுபோனேன், யாராவது களவெடுத்துவிடுவார்கள் என்று. வந்து பார்த்தால் கொளுக்கி இருக்கிறது, பை இல்லை.

பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் பொறுமைசாலி.

"என்ன நிறம்?"

"சிவப்பு சேர்."

"லப்டொப்போ?"

"ஸ்கூட்டி சேர். லப்டொப் கறுப்பு."

"ஸ்கூட்டியும் களவு போட்டுதோ?"

"இல்லை சேர், அது வாசல்லை நிக்குது."

அவர் ஒருமுறை மூச்சு விட்டார். "சரி. பாஸ்வேர்ட் இருக்கோ?"

"ஓம் சேர்."

"அப்ப லேசிலை ஒருத்தரும் திறக்கேலாது."

"மறந்துபோவன் எண்டு அதை மூடியிலை எழுதி ஒட்டி வைச்சிருக்கிறன் சேர்."

சார்ஜன்ட் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் மின்விசிறியைப் பார்த்தார்.

வீட்டுக்கு வருகிற வழியில் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறேன் என்று நேர்ந்தேன். அடுத்த சந்தி வருவதற்குள் தேங்காய் விற்கிற விலை நினைவுக்கு வந்தது. 'பிள்ளையாரே, களவுபோன லப்டொப்பை மீட்டுத் தா, ஒரு மாதம் மீன் தொடமாட்டேன்' என்று மாற்றிக்கொண்டேன். செலவில்லாத நேர்த்தி. பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி கேட்ட முதற்கேள்வி, "முருங்கைக்காய் இருக்கோ?" அதைப் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகுதான் ரொறன்ரோவில் இருக்கிற தன் தம்பிக்குப் போன் போட்டாள். என் மச்சான் அங்கே கணினி வேலை. என் லப்டொப் தும்மினாலும் நான் அவனுக்குத்தான் போன் அடிப்பேன் என்பதால், அங்கிருந்தபடியே இதை இயக்குகிற ஒரு மென்பொருளை அதற்கு முந்தின வருடம் அதில் போட்டு வைத்திருந்தான். "உன்ரை தம்பி கனடாவிலை இருந்து எங்கடை வீட்டை எட்டிப் பார்க்கப் போறான்" என்று அன்றைக்கு நான் சண்டை பிடித்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. மனைவிக்கு அதைவிட நன்றாக நினைவிருந்தது.

"அத்தான், ஆராவது உதை இன்ரநெட்டிலை போட்டால் எனக்கு உடனை காட்டும். அதுவரைக்கும் ஒருத்தரோடையும் சண்டைக்குப் போகாதேங்கோ" என்றான் மச்சான்.

மறுநாள் காலை, நான் பல் தீட்டிக்கொண்டு நிற்கும்போது போன் வந்தது. "அத்தான், ஆள் வந்திட்டான்!"

பற்பசையை விழுங்கிவிட்டு ஓடினேன். மச்சான் தன் திரையை வீடியோ அழைப்பில் எங்களுக்குக் காட்டினான். என் கை முழுக்கப் பற்பசை என்பதால் மனைவிதான் போனைப் பிடித்தாள்.

"எங்கை இருக்கிறான்?"

"கொழும்பு எண்டு காட்டுது."

உடனே சாரத்தை எறிந்துவிட்டு, கொழும்பு ரயிலைப் பிடிக்கக் காற்சட்டைக்குள் ஒரு காலை விட்டேன்.

"அது இன்ரநெட் கம்பனி இருக்கிற இடம் அத்தான். ஆள் எங்கையும் இருக்கலாம்."

காலை வெளியே எடுத்தேன்.

திரையில் அந்தக் கலியாணப் படங்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. கள்ளன் ஒவ்வொரு படமாகத் திறந்தான். ஒவ்வொன்றையும் பெருப்பித்தான். மாப்பிள்ளையின் மாமி, சித்தி, பெரியம்மா என்று வரிசையாக ஒவ்வொரு பெண்ணின் முகத்துக்கும் கழுத்துக்கும் போய் நின்று நின்று நகர்ந்தான். கடைசியில் மணப்பெண்ணின் தாலிக்கொடிக்கு வந்தான். பெருப்பித்தான். இன்னும் பெருப்பித்தான். திரை முழுக்கத் தங்கம்.

"அத்தான், உவன் லப்டொப்புக் கள்ளன் இல்லை. நகைக் கள்ளன்" என்றான் மச்சான், குரலைத் தணித்து.

கிடைத்த மற்றப் போனில் பெண்ணின் தகப்பனுக்கு அடித்து, "ஐயா, ஒரு கும்பல் உங்கடை வீட்டு நகையை அளவெடுத்துக்கொண்டு நிக்குது" என்று அலறினேன். அடுத்த சில நிமிடங்களில் அந்த வீட்டுப் படலை பூட்டப்பட்டது, நாய் அவிழ்த்து விடப்பட்டது, நகைகள் அரிசி வாளிக்குள் இறங்கின. பிறகு அந்தப் பிள்ளை போனை வாங்கியது.

"அண்ணை, நகை கிடக்கட்டும். படங்கள் இருக்கோ, அழிஞ்சு போச்சோ? அதைச் சொல்லுங்கோ."

"இருக்குப் பிள்ளை. இப்பவும் கண்ணாலை பார்த்துக்கொண்டுதான் நிக்கிறன்."

"கள்ளனே முழுக்கப் பார்த்திட்டான். நான் இன்னும் ஒரு படம் பார்க்கேல்லை அண்ணை."

அவள் அழவில்லை, ஏசவுமில்லை. "கெதியாக் கனடாவுக்குக் கூப்பிடுவன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் அவர் போனவர்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

மச்சான் படங்களைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தான். நத்தை வேகம். கள்ளன் மூடியை மூடினால் எல்லாம் போய்விடும். "முதல்லை ஆள் நிக்கிற இடத்தைப் பிடிப்பம்" என்று சத்தத்தைத் திறந்தான். முதலில் காற்று. பிறகு காகம். பிறகு தூரத்தில் ஒரு குரல் மீன் ஏலம் கூறியது: ஓரா, ஒட்டி, திரளி...

"உது எங்கடை கடற்கரை அத்தான்! யாழ்ப்பாணம்தான்!" மச்சான் துள்ளினான். அதன் பிறகு அங்கே சத்தமே இல்லை.

"என்னடா, லைன் விட்டுப்போச்சோ?"

"இல்லை அத்தான்... ஓராவெல்லே கூறுறாங்கள். சாப்பிட்டு எவ்வளவு காலம்."

"டேய், கள்ளனைப் பிடியடா!" என்று தமக்கை போட்ட சத்தத்தில்தான் அவன் திரும்பவும் வேலைக்கு வந்தான்.

எங்கள் அடுத்த மகா புத்திசாலித்தனம் கள்ளனை வெருட்டுவது. திரையில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, நான் சொல்லச் சொல்ல மச்சான் ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்தான். 'கள்ளா! உன்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறம். அசையாதே!' அடித்த கையோடு லப்டொப்பின் கமராவையும் போட்டான்.

கும்பல் தெரிந்தது. கழுத்தில் செபமாலையோடு ஓர் அக்கா. பக்கத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட அவருடைய கணவர். பின்சுவரில் மாதா படம். 'கள்ளர் மாதிரியே தெரியவில்லை, அப்படியென்றால் பயங்கரக் கள்ளர்' என்று நான் தீர்மானித்தேன்.

"இஞ்சேருங்கோ! தன்பாட்டிலை எழுதுது!" என்றார் அக்கா.

கணவர் உதடு அசையாமல் பதில் சொன்னார். "அசையாதை எண்டு போட்டிருக்கு. அசையாதை."

அக்கா அசைந்தார். எழுந்து போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு போத்தல். மூடியைத் திருகியபடியே, "பேய் பூந்திட்டுது. கோயில் தீர்த்தம் தெளிச்சால் போகும்" என்றார்.

போத்தல் லப்டொப்புக்கு நேரே உயர்ந்தது. அந்தப் பிள்ளையின் மணவறை, தாலி, மண்டபம் நிறைந்த சனம் எல்லாம் ஒரு போத்தல் தண்ணீருக்குக் கீழே இருந்தன. நான் போனைப் பார்த்துக் கத்தினேன். மனைவியும் கத்தினாள். நாங்கள் கத்துவது அவர்களுக்குக் கேட்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும், ஆனாலும் கத்தினோம். "அடியடா! தண்ணி வேண்டாம் எண்டு அடியடா!"

மச்சானின் விரல்கள் பறந்தன. 'தண்ணி வேண்டாம் அக்கா! கும்பிட்டுக் கேட்கிறம் அக்கா!'

சரிந்த போத்தல் அந்தரத்தில் நின்றது. ஒரு நிமிடத்துக்குள் 'கள்ளா' 'அக்கா'வாகியிருந்ததைக் கவனியுங்கள்.

"பேய் அக்கா எண்டு கூப்பிடாது" என்றார் அவர், யோசித்து.

"இங்கிலீசு எழுத்திலையும் எழுதாது" என்றார் கணவர், இன்னும் அசையாமல்.

அக்கா போத்தலை மூடிவிட்டுத் திரைக்குள் முகத்தை வைத்துக் கேட்டார். "ஆர் தம்பி நீங்கள்? இது உங்கடையோ? நேற்றிலை இருந்து சொந்தக்காரரைத் தேடிச் சாகிறம்!"

'எங்கே எடுத்தீர்கள்?' என்று மச்சான் அடித்தான்.

"நாங்கள் எங்கை எடுத்தம்? சுன்னாகச் சந்தையிலை ஆரோ ஒரு விசரன் என்ரை ஸ்கூட்டியிலை கொழுவிவிட்டிருக்கு. நான் இவர் வாங்கின பை எண்டு நினைச்சன், இவர் நான் வாங்கினது எண்டு நினைச்சிட்டார். வீட்டை வந்துதான் ரெண்டு பேரும் முழிச்சது. பின்னேரம் திரும்பிப் போய்ச் சந்தை முழுக்கக் கேட்டம், ஒருத்தருக்கும் தெரியேல்லை."

'ஸ்கூட்டி என்ன நிறம் அக்கா?'

"சிவப்பு."

மனைவி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். ரொறன்ரோவில் மச்சான் தொண்டையைச் செருமினான். "அத்தான், அந்த விசரன் எண்ட இடத்திலை என்னத்தைப் பதிலா அடிக்க?"

அவர்கள் வீடு யாழ்ப்பாணத்திலேயே, கொழும்புத்துறையில், கடலுக்குக் கிட்ட. காற்சட்டைக்குள் இந்தமுறை இரண்டு காலையும் விட்டுக்கொண்டு பறந்தேன். வாசலில் என் ஸ்கூட்டியின் கூடப்பிறந்தது மாதிரி ஒரு சிவப்பு ஸ்கூட்டி நின்றது. லப்டொப் மேசையில், ஒரு துளி ஈரமில்லாமல்.

பைக்குள் பெயரோ நம்பரோ இல்லை. என் விசிட்டிங் கார்டுகளை எல்லாம் அதே கலியாணத்தின் பந்தியில் கொடுத்து முடித்திருந்தேன். அதனால் இரண்டு பேரும் மூடியில் இருந்த பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்து, வீட்டு இன்ரநெட்டையும் கொடுத்து, படங்களைப் பார்த்திருக்கிறார்கள். "இவ்வளவு சனத்திலை ஒரு தெரிஞ்ச முகமாவது இருக்காதோ, அவையளைப் பிடிச்சு உங்களைப் பிடிக்கலாமெல்லே" என்றார் கணவர். ஆனால் அது சாவகச்சேரிப் பக்கத்து, தென்மராட்சிச் சைவக் கலியாணம். இவர்கள் கரையோரக் கத்தோலிக்கர். நானூறு முகத்தில் ஒன்றுகூட அகப்படவில்லை. ஆனாலும் விடாமல் பெருப்பித்துப் பெருப்பித்துத் தேடியிருக்கிறார்கள்.

"அப்ப தாலிக்கொடியை ஏன் அக்கா அவ்வளவு பெருப்பிச்சனீங்கள்?" என்று மெல்லக் கேட்டேன்.

"அது சும்மா தம்பி. வேலைப்பாடு நல்ல வடிவு."

மத்தியானம் விடமாட்டேன் என்று மறித்து வைத்துச் சோறு போட்டார். ஓரா மீன் குழம்பு. என் நேர்த்தி நினைவுக்கு வந்து கை சோற்றுக் கோப்பைக்கு மேலே நின்றது. பிள்ளையாரோடு மனதுக்குள் வாதாடினேன். 'களவுபோன லப்டொப் என்றுதானே நேர்ந்தேன்? இது களவே போகவில்லையே.' மறுப்பு வராததால் இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டேன். மச்சானுக்குப் படம் எடுத்தும் அனுப்பினேன். அவன் என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

கையைக் கழுவிவிட்டு அந்தப் பிள்ளைக்குப் போன் போட்டு, அக்காவிடம் கொடுத்தேன்.

"பிள்ளை, உன்ரை படமெல்லாம் பத்திரம். கூறைச்சீலையோடை நீ சரியான வடிவு. ஆனால் மாப்பிள்ளை ஏன் ஒரு படத்திலையும் சிரிக்கேல்லை?"

அந்தப் பக்கத்தில் அவள் சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. "பயத்திலை அக்கா. இந்த அண்ணை கமராவோடை நிண்டு 'சிரியும், சிரியும்' எண்டு பேசின பேச்சு அப்பிடி!"

புறப்படும்போது கணவர் என் தோளைப் பிடித்து இரண்டடி தள்ளி நிறுத்தினார். "தம்பி, உது எங்கடை ஸ்கூட்டி. உங்கடை அந்தப்பக்கம்."

பொலிஸ் நிலையத்துக்குப் போய் முறைப்பாட்டை விலக்கினேன். "அப்ப கள்ளன் ஆர்?" என்றார் சார்ஜன்ட். "நான்தான் சேர்" என்றேன். "நேற்றே நினைச்சனான்" என்றார்.

அன்று பின்னேரமே படங்கள் கனடாவுக்குப் போயின. ஃபைல் போட்டார்கள். இந்த வருடம் விசா வந்தது. அந்தப் பிள்ளை புறப்படுவதற்கு முதல் வைத்த விருந்துக்குக் கொழும்புத்துறை அக்காவையும் கணவரையும் தானே போன் எடுத்து அழைத்திருந்தாள். அவர்கள் உள்ளே வந்தபோது வீட்டில் யாருக்கும் அவர்களைத் தெரியாது. ஆனால் அக்கா ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டார். "நீங்கள் பச்சைச் சீலையோடை முன்வரிசையிலை இருந்த மாமியெல்லோ? நீங்கள் ரெண்டாம் பந்தியிலையும் இருந்தனீங்கள், கண்டனான்!" அரை மணி நேரத்தில் அந்த வீட்டில் மிக நெருங்கிய சொந்தம் அவர்தான். விடைபெறும்போது அந்தப் பிள்ளை முதலில் கட்டிப்பிடித்ததும் அவரைத்தான்.

நான் முகம் தெரியாத ஒருவரைக் கள்ளன் என்று ஊர் கேட்கக் கத்திக்கொண்டு திரிந்த அந்த நேரத்தில், எங்கோ ஒரு கடற்கரை வீட்டில் இரண்டு பேர் என்னைக் கண்டுபிடித்துவிட வேண்டுமென்று நானூறு முகங்களைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம், இன்றைக்கும் எனக்கு முதலில் வெட்கம் வருகிறது, பிறகு சிரிப்பு வருகிறது, அதற்குப் பிறகு இந்த ஊரில் பிறந்தது பெரிய காரியம்தான் என்று வருகிறது.