முப்பதாவது வீடு

மைதாவைத் தண்ணீரில் கரைத்து, கட்டி தட்டாமல் கிளறிக் காய்ச்சினால் எழுகிற ஆவியில் பசியைக் கிளப்புகிற மாதிரியும் குமட்டுகிற மாதிரியும் ஒரு மணம் இருக்கும். நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடம், செப்டம்பர் மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பசையை ஒரு தகர டப்பாவில் எடுத்துப் போய், எங்கள் ஊர்க் கோயில் கதவில் ஒரு முழுத் தாளை ஒட்டினேன். விரலிடுக்கில் பசை காய்ந்து தோலை இழுத்துப் பிடிக்க, இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று பார்த்தேன். முப்பத்தொரு வரிகள், தேதி நீல மையில், வீட்டுக்காரர் பெயர் சிவப்பு மையில், ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. அதைவிட ஒழுங்கான ஒன்றை அதுவரை நான் செய்ததில்லை.

கோயில் என்று நாங்கள் சொல்வது மாதா கோயிலை. பாகூருக்குத் தெற்கே, கரும்புக்கும் நெல்லுக்கும் நடுவே இருந்த சிற்றூர் அது. பங்குச் சாமியார் மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் எங்கள் கிறிஸ்தவம் என்பது அன்பியம்தான். அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடிச் செபம் சொல்லி, வேதம் வாசித்து, யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று கேட்டுக்கொண்டு கலைவது. அக்டோபர் செபமாலை மாதம் என்பதால் அந்த மாதம் மட்டும் அது தினமும் நடக்கும். கோயிலில் இருக்கும் சின்ன மாதா சுரூபம் முதல் நாள் கோயிலில் தொடங்கி, அடுத்த நாளிலிருந்து நாளுக்கொரு வீடாகப் போகும். இதில் ஒரே ஒரு விதி உண்டு. மாதாவை யாரும் வந்து வாங்கிப் போகக் கூடாது. ஒரு நாள் வைத்திருந்த வீட்டார்தான், மறுநாள் மாலை, கூட வருகிறவர்களோடு செபம் சொல்லிக்கொண்டே நடந்து போய் அடுத்த வீட்டில் சேர்க்க வேண்டும். அந்த மாதம் முழுக்க ஊரில் யாரை யார் பார்த்தாலும் கேட்கிற கேள்வி, ‘இன்னிக்கி மாதா யாரு வூட்ல?’ என்பதுதான்.

நாங்கள் அந்த ஊருக்குப் புதிது. அப்பா இறந்த மறுவருடம், வில்லியனூரில் வாடகை கொடுத்து மாளாமல், அவர் எப்போதோ வாங்கிப் போட்டிருந்த மனையில் ஓர் அறையும் சமையலறையும் கட்டிக்கொண்டு அம்மாவும் நானும் வந்து சேர்ந்திருந்தோம். மனைப்பிரிவுக்கு ஒரு நகரின் பெயர் வைத்துப் பலகை நட்டிருந்தார்கள். நகரில் இருந்தவை வெள்ளையடித்த எல்லைக் கற்கள் நாற்பது, விளக்கு எரியாத கம்பங்கள் ஆறு, எங்கள் வீடு ஒன்று. ஊருக்கும் எங்களுக்கும் நடுவே வாய்க்கால் ஓடியது. அம்மா விடியற்காலையில் தையல் கம்பெனி வேனில் ஏறினால் மாலை ஆறு மணிக்கு இறங்குவாள். பள்ளிவிட்டு வந்து அதுவரை நான் தனியே இருப்பேன். அந்த நேரத்தைக் கழிப்பதற்காகவே எதையாவது எண்ணுவேன், எண்ணியதை நோட்டில் எழுதி வைப்பேன். பட்டியல் போடும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது.

அன்பியத்துக்குத் தலைவி மதலேன் பெரியம்மா. ஐம்பதைத் தாண்டியவர், குரல் மட்டும் பெரியது. மாதா எந்தத் தேதியில் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று வருடா வருடம் அவர்தான் எழுதுவார். அந்த வருடம் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து வலது கையில் மாவுக்கட்டுப் போட்டிருந்ததால், என்னைக் கூப்பிட்டு அவருடைய பழைய நோட்டைக் கொடுத்தார்.

“இன்னாடி பொண்ணு, ஒங் கையெழுத்து அச்சடிச்ச மாரி கீதாமே? டாக்டருக்குலாம் படிச்சிடாத, கோழி கிண்டின மாரி ஆயிடும். இதப் பாத்து இந்த வருசத்துக்கு ஒண்ணு எழுதிக் குடு.”

நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, கட்டம் போட்ட தாளில் மூன்று தெருக்களையும் வரைந்து, முந்தைய வருட வரிசைப்படி வீட்டுக்கு வீடு கோடு இழுத்துப் பார்த்தேன். தாள் முழுவதும் சிலந்திக் கூடு. கோயில் தெருவில் ஒரு வீடு, அடுத்த நாள் ஏரிக்கரைத் தெருவின் கோடி, அதற்கடுத்த நாள் திரும்பவும் கோயில் தெரு. அது போதாதென்று, போர்வெல் தகராறில் பேச்சுவார்த்தையே இல்லாத சவரி மாமா வீட்டையும் அவர் தம்பி சூசை மாமா வீட்டையும், இரண்டும் வேறு வேறு தெருவில் இருந்தும், எல்லா வருடமும் அடுத்தடுத்த நாளில் போட்டிருந்தார் பெரியம்மா. அண்ணன் மாதாவோடு தம்பி வாசலில் போய் நிற்க வேண்டும், தம்பி வெளியே வந்து வாங்கியாக வேண்டும். பாவம், கவனிக்காமல் எழுதிவிட்டார் என்று நினைத்தேன். அந்த வருடத்துக்கென்று விட்டிருந்த புதுப் பக்கத்தில் அம்மாவின் பெயருக்கு நேரே பென்சிலால் 7 என்று மட்டும் எழுதியிருந்தது. ஏழாம் தேதி வாய்க்காலைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டு எட்டாம் தேதி மறுபடி திரும்பிப் போவது ஒரு கிலோமீட்டருக்கு மேல் வீண் நடை.

நான் ஒழுங்கு செய்தேன். கோயில் தெரு முழுவதும் முடிந்தபின் நடுத்தெரு, அது முடிந்ததும் ஏரிக்கரைத் தெரு, அதன் கோடியில் மதலேன் பெரியம்மா வீடு, கடைசியாக வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நாங்கள். எங்களோடு சேர்த்துச் சரியாக முப்பது வீடு, ஒரு நாள் கூட மிஞ்சாமல் மாதம் நிறைந்தது. கடைசி நாள் எங்களுடையது என்பதால் அதுதான் பெரிய நாளாக இருக்கும் என்றும் நம்பினேன். சகோதரர்களுக்கு நடுவே நிம்மதியாகப் பத்து வீடுகளைப் போட்டேன்.

ஒட்டிய அன்று எல்லோருக்கும் சந்தோஷம். சூசை மாமா தாளைப் படித்துவிட்டு, “இந்த வருசம் முட்டிக்கு லீவுடா சாமி, பக்கத்து வூட்லேர்ந்து பக்கத்து வூடு” என்று என் தலையைத் தட்டினார். மதலேன் பெரியம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசி வரிவரைக்கும் படித்தார்.

“நட கொறஞ்சிடுச்சி இல்ல?” என்றார்.

“ஆமாம் பெரியம்மா, பாதிக்கு மேல” என்றேன்.

அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு நகர்ந்தார். தாளைக் கிழிக்கச் சொல்லியிருக்கலாம். பத்துப் பேர் மெச்சிக்கொண்டிருக்கும்போது பதினொரு வயதுப் பெண்ணிடம் அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை என்று இப்போது ஊகிக்கிறேன்.

ஏழாம் தேதி செபமாலை மாதா திருநாள் என்பது அந்தத் தேதி வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அன்று மாதா இருந்த வீட்டுக்குப் பங்குச் சாமியாரே வந்தார். ஊர் முழுக்கத் திரண்டு, இடமில்லாமல் மாட்டுக்கொட்டகை வரை நின்றது. அந்த நாளைத்தான், யாரும் எட்டிப் பார்க்காத மனைப்பிரிவில் புதிதாக வந்து கிடந்த எங்களுக்காகப் பெரியம்மா பென்சிலால் குறித்து வைத்திருந்தார். அம்மா கூட்டத்தின் ஓரத்தில் நின்று, “நம்ம வூட்லயும் இப்படி வருவாங்க இல்ல?” என்று என் காதில் கேட்டாள். வருவார்கள் என்றேன்.

இரண்டாம் வாரத்தில் கோயில் தெரு முடிந்தது. முடிந்த மறுநாளே அந்தத் தெருக்காரர்களில் பாதிப் பேர் வரவில்லை. “நம்ம தெருவுது ஆயிடுச்சே” என்றார்கள். முன்பெல்லாம் அப்படிச் சொல்லவே முடியாது. நேற்று எங்கேயோ போன மாதா இன்று உங்கள் எதிர்வீட்டுக்கு வந்துவிடும், நாளை திரும்பவும் ஊர்க்கோடிக்குப் போய்விடும். அந்தக் கோணல் வரிசையில் யாருக்கும் எதுவும் முடியாது. நான் போட்ட நேர் வரிசையில் ஒவ்வொரு தெருவாக முடிந்துகொண்டே வந்தது. நடுத்தெருவும் முடிந்தபோது இருபது பேர் இருந்தார்கள், பிறகு பன்னிரண்டு, பிறகு எட்டு. தினமும் வீட்டுக்கு வந்து எண்ணிக்கையை நோட்டில் எழுதினேன். ஏன் குறைகிறது என்பதும் எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் ஒட்டிய தாளைப் பிய்க்கத் தைரியம் வரவில்லை.

அம்மா அந்த எண்ணிக்கையைப் பார்க்கவில்லை. கம்பெனியில் அரை நாள் விடுப்புச் சொல்லி, கடைசி நாளுக்கென்று சேர்த்தவை எனக்கு இன்றும் வரிசையாகச் சொல்ல வரும்: கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்களிடம் இரவல் வாங்கிய நான்கு பாய், காகிதக் குவளை ஒரு கட்டு, மூன்று முழம் கதம்பம், மெழுகுவர்த்தி ஒரு பாக்கெட், முந்தின இரவே ஊறவைத்த இரண்டு படி கொண்டைக்கடலை. அப்பா போனதிலிருந்து எங்கள் வீட்டுக்குள் ஐந்து பேர் சேர்ந்து உட்கார்ந்ததில்லை.

அன்று மூன்று மணிக்குப் பிடித்த மழை ஆறரை மணிக்கும் விடவில்லை. வாய்க்கால் மதகின் மேல் ஒரு டார்ச் வெளிச்சம் வந்தது. மதலேன் பெரியம்மா, அவர் கணவர், அவர்கள் எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா. மூன்றே பேர். பெரியம்மா மாதாவை இடது கையில் அணைத்திருந்தார். மாவுக்கட்டின் மேல் உரச் சாக்கின் பிளாஸ்டிக்கைச் சுற்றியிருந்தார். அவர் கணவர் குடையைச் சுரூபத்துக்குத்தான் பிடித்துவந்தார். மூவருமே தொப்பலாக நனைந்திருந்தார்கள். அம்மா அவர்களுக்குப் பின்னால் இருட்டைப் பார்த்தாள். வேறு வெளிச்சம் வருமென்று சற்று நேரம் அப்படியே நின்றாள்.

நான்கு பாயில் ஐந்து பேர் உட்கார்ந்து செபமாலை சொன்னோம். மன்றாட்டுமாலையில் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று நாங்கள் ஐந்து பேரும் சொன்னது மழைச் சத்தத்தில் எங்களுக்கே கேட்கவில்லை. முடிந்ததும் அம்மா சுண்டலைப் பொட்டலம் கட்டி, யார் முகத்தையும் பார்க்காமல் கொடுத்தாள். பெரியம்மா கிளம்பாமல் நின்றார்.

“கடல நல்லா வெந்துகீது தங்கச்சி” என்றார்.

“முப்பது வூட்ல முப்பதாவதா போட்டீங்க இல்லக்கா?” என்றாள் அம்மா. “தாலி இல்லாதவ வூடு, கடசீல கெடக்கட்டும்னு தான?”

ஸ்டெல்லா அக்கா, “அய்ய, இன்னாக்கா பேசற நீ” என்று குறுக்கே வந்தார். பெரியம்மா என்னைப் பார்த்தார். அதட்டுகிற பார்வை இல்லை, காத்திருக்கிற பார்வை. வரிசை பெரியம்மாவுடையது, கையெழுத்து மட்டும் என்னுடையது என்றுதான் அம்மா நினைத்திருந்தாள். நான் வாயைத் திறந்து நான்கு வார்த்தை சொன்னால் போதும். நான் சன்னல் கம்பிகளை எண்ணினேன். ஏழு. திரும்பவும் எண்ணினேன்.

“வரிச போடறப்ப நான் சரியாப் பாக்கல, தங்கச்சி. தப்பு என்னுதுதான்” என்றார் பெரியம்மா.

அதன்பிறகு அம்மா ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவாள், முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்துவிடுவாள். அன்பியத்துக்குப் போகவில்லை. மறுவருடம் பெரியம்மா தன் கையாலேயே எழுதிய வரிசையில் எங்கள் பெயர் ஏழாம் தேதியில் இருந்தது. அம்மா ஆளனுப்பி, தனக்கு வேலை இருக்கிறது, வேண்டாம் என்றுவிட்டாள். மாதா வாய்க்காலைத் தாண்டிப் பிறகு வரவேயில்லை. நான் எதுவும் சொல்லவில்லை. முதலில் பயம், பிறகு வெட்கம், பிறகு விடுதிக்குப் போனேன், படிப்பு, வேலை. ஊரோடு ஒட்டிக்கொள்ள எங்களுக்கு இருந்த ஒரே வழியை அடைத்தது நான்தான் என்பதை எந்தப் பட்டியலிலும் நான் எழுதவில்லை.

இப்போது சென்னையில், சரக்கு வண்டிகள் எந்த வீட்டுக்கு முதலில், எந்த வீட்டுக்கு அடுத்து என்று குறைந்த தூரத்தில் வழி சொல்லும் மென்பொருளில் வேலை செய்கிறேன். நன்றாகவே செய்கிறேன். நான் போகிற கோயிலில் ஞாயிறு ஒன்றுக்கு ஐந்து பூசை. சமாதான வாழ்த்தின்போது பக்கத்தில் இருப்பவரைக் கைகூப்பிப் பார்க்கிறேன், ஒருவர் பெயரும் தெரியாது. ஒருவருக்காக இன்னொருவர் சேற்றில் நடப்பதுதான் திருச்சபை, மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் என்று இப்போது எனக்குப் படுகிறது. அந்த நடையைத்தான் நான் பாதிக்கு மேல் குறைத்தேன்.

போன அக்டோபரில் ஊருக்குப் போயிருந்தேன். ஊரில் இப்போது வரிசை எழுதுவதில்லை. கொரோனாவில் நின்றது நின்றதுதான். மாதா கோயிலிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. மாலை ஏழு மணிக்கு அவரவர் வீட்டில் அவரவர் கைப்பேசியில், காணொளியில் கூடிச் செபமாலை. அம்மா கைப்பேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, திரையில் தெரிந்த சின்னச் சின்னக் கட்டங்களோடு சேர்ந்து சொல்லி முடித்தாள். முடித்ததும் எல்லாக் கட்டங்களும் ஒரே நொடியில் அணைந்தன. கலைந்து போகிற சத்தம் இல்லை, செருப்பு தேடுகிற சத்தம் இல்லை.

அப்போது சொன்னேன். நோட்டு, நான் வரைந்த தெருக்கள், பென்சில் குறி, அன்று வாயை மூடிக்கொண்டு நின்றது, எல்லாவற்றையும்.

அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முந்தானையால் கைப்பேசித் திரையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

“போன வருசம் மதலேன் அக்கா செத்தப்ப, ஷிப்டு கீது, வர முடியாதுன்னு சொல்லியனுப்பினேன்” என்றாள். “ஷிப்டுலாம் இல்லடி அன்னிக்கி. வூட்லதான் குந்தினு இருந்தேன். அடக்கத்துக்கு மணியடிச்சது இங்க வரிக்கும் கேட்டுது.”

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “நாளைக்கி அவங்க வூட்டுக்காரரப் போயிப் பாத்துட்டு வரலாமா?” என்று கேட்டாள்.

அவரை மகள் காரைக்காலுக்கு அழைத்துப் போய்விட்டதாக ஸ்டெல்லா அக்கா ஊர் வாட்ஸாப் குழுவில் எழுதி அப்போதே ஆறு மாதம் ஆகியிருந்தது. படித்ததற்கு அடையாளமாக அம்மாவே அதன் கீழே ஒரு கூப்பிய கை போட்டிருந்தாள். நான் அதைச் சொல்லவில்லை. பூட்டிய வாசல்வரைக்கும் நடந்தாலும் நடைதான். போகலாம்மா என்றேன்.