சிலோன் பயணத்துக்கு ஒரு போட்டோ

கொல்லிமலைக்கு அப்போது ரோடு கிடையாது. பேளுக்குறிச்சிப் பக்கம் இறங்க வேண்டுமென்றால் நடைதான். நான் மேலே பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் ஒரு கம்பவுண்டர். இருவருக்கும் குருவிப் பைத்தியம்.

ஐப்பசியில் ஆறுமணிக் குருவிகள் வடக்கேயிருந்து வந்து இறங்கும். பறந்து வந்த களைப்பில் சில சுவரோரம் விழுந்து கிடக்கும். அப்படி ஒன்றை அவர் அட்டைப் பெட்டியில் வைத்துத் தேற்றிப் பறக்க விட்டார். "இதுக சிலோன் வரைக்கும் போகுதாமுங்க. நாமளும் போய்ப் பாத்தா என்னங்க?" என்றார்.

விளையாட்டுப் பேச்சில்லை. அவருடைய பங்காளி ஒருவர் அங்கே தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. வரச் சொல்லிக் கடிதமும் போட்டுவிட்டார். பொங்கல் லீவில் கிளம்பி, தனுஷ்கோடியில் கப்பல் ஏறுவதென்று முடிவு செய்தோம். மனைவியிடம் மட்டும் அவர் சொல்லவில்லை. கடல் தாண்டுவதென்றால் அழுவாள், பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

பாஸ்போர்ட் மனுவுக்குப் போட்டோ வேண்டும். நான் கீழே ராசிபுரத்தில் எடுத்துவிட்டேன். அவர்தான் பாக்கி. மூன்று நாளாக மழை.

"மழை விடட்டுமுங்க, அடுத்த வாரம் போறேன்."

"அடுத்த வாரம்னா பொங்கலுக்குள்ள பாஸ்போர்ட் வராதுங்க. உங்களால நானும் போக முடியாது." என் குரலில் எரிச்சல் இருந்தது.

அவர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

மறுநாள் காலை மிளகுத் தோட்டத்துக்குப் போன இரண்டு பேர் பாறைச் சரிவுக்குக் கீழே அவரைக் கண்டார்கள். தொடை எலும்பு முறிந்து, விடிய விடிய மழையில் கிடந்திருக்கிறார். கம்பளியில் தூளி கட்டி அடிவாரத்துக்குத் தூக்கிப் போனோம். வழியில் என்னைப் பார்த்து, "போட்டோ எடுக்கலீங்க" என்றார், ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி. அடிவாரம் போய்ச் சேருமுன் நினைவு தப்பி, ஐந்தாம் நாள் இறந்துபோனார்.

கைக்குழந்தையோடு நின்ற அவர் மனைவி என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, அந்த மழையில எதுக்குங்க எறங்குனாரு? உங்ககிட்டக்கூடச் சொல்லலீங்களா?"

வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன். "ஜுரத்துக்கு மருந்து தீந்துபோச்சுங்க. வாங்கியாரத்தான் போனாரு."

அந்த அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதார். மலை முழுக்க நம்பியது. சோளக்காட்டுச் சந்தையில் முன்பின் தெரியாதவர்கள்கூட, நமக்காக உயிரை விட்ட மனுசன் என்றார்கள்.

காரியத்தன்று ஒரு விவசாயி வந்தார். அந்த வாரம் அவர் மகளுக்கு நல்ல ஜுரம். கம்பவுண்டர்தான் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர் நேராக அந்த அம்மாவின் காலில் விழுந்தார்.

"எங்க ஊட்டாலதானுங்க இப்படி ஆச்சு. நாங்க கூப்பிடாம இருந்திருந்தா அவரு இருந்திருப்பாருங்க."

அவரைத் தூக்கி நிறுத்தியது நான்தான். இல்லை, நான்தான் அனுப்பினேன் என்று அவர் காதோடாவது சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூடம் போகும் வழியில் அதற்குப் பிறகும் பலமுறை அவரைப் பார்த்தேன். என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்வார். சித்திரையில் மாற்றல் வாங்கிக்கொண்டு நான் மலையை விட்டு இறங்கினேன்.