பின்வரிசைக்கு ஒரு மைக்

கிண்ணியாவில் கலியாணமோ யாரும் இறந்தால் மௌத்து அறிவித்தலோ தேர்தல் கூட்டமோ, ஒலிபெருக்கி றுமைஸுடையதுதான். எல்லாக் கட்சிக்காரரின் வாக்குறுதிகளும் அவனுடைய வயருக்குள்ளால் ஓடியிருக்கின்றன. "மேடையில பேசுறவன் ஒருத்தன், தீர்மானிக்கிறவன் வேற ஒருத்தன். அவனுக்கு மைக்கே தேவையில்ல" என்று அவன் சொன்னால் கடைத்தெருவே சிரிக்கும்.

கடற்கரையில் உல்லாச விடுதி கட்ட வந்த கம்பனி, மக்கள் கருத்தைக் கேட்பதாகச் சொல்லி அந்தக் கரையிலேயே கூட்டம் வைத்தது. மீனவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும், பின்வரிசையில் பேசாமல் இருந்த கொழும்பு முதலாளியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் மேடைக்காரர் வாய் திறந்தார்கள். அவர் தலையாட்டினால் ஓம், ஆட்டாவிட்டால் ஏலாது.

பார்த்துப் பார்த்து றுமைஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேடையிலிருந்த மைக்கைப் பிடுங்கினான். வயரை இழுத்துக்கொண்டு கதிரைகளுக்கு நடுவால் போய் முதலாளியின் வாய்க்கு நேரே நீட்டினான்.

"எங்கட தோணியெல்லாம் இனி எங்க கரையேத்துறது? நீங்களே சொல்லுங்க, முதலாளி."

அவருடைய மூச்சு மட்டும் கரை முழுக்கக் கேட்டது.

"நிப்பாட்டு! இனி ஒரு கூட்டத்துக்கும் உன்னைக் கூப்பிடமாட்டம்!" என்று கம்பனி ஆள் கத்தினான்.

"கூப்பிடாட்டிப் போங்க" என்ற றுமைஸ், மைக்கை இறக்காமலே, ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த மச்சான் றம்ஸானைப் பார்த்தான்.

"மச்சான், சத்தத்தக் கூட்டு!"